உப்பளத்து ரோட்டில் என்னை விட்டுப் போன லாரி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து வெளியே வந்த எங்கள் வீட்டுப் புது லாரியில், குடும்பத்தோடு நான்கு நாள் கடலோரமாகப் பயணம் போனோம். ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. கேட்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். எங்களில் கொடுத்து வைத்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் முன்னால் கேபினில் உட்கார்ந்திருந்தார்கள், ஐந்து பேரும் ஆண்கள். மீதி ஒன்பது பேர், பெண்களும் குழந்தைகளும், பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் இருந்தோம்.

எங்கள் பக்கம் லாரி வாங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் லோடு ஏற்றுவதற்கு முன்னால் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டு போக வேண்டும். வெறும் வண்டியாகப் போகக் கூடாது, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சனம் ஏறின பிறகுதான் சரக்கு ஏற வேண்டும் என்பார்கள். என் மாமனாருக்குத் திருச்செந்தூரில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அவ்வளவு தூரம் போகிறோம், அப்படியே ராமேஸ்வரத்தையும் கன்னியாகுமரியையும் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. முடிவு பண்ணியவர்கள் யார் என்று கேட்க வேண்டாம். எங்களுக்குச் சொன்னதெல்லாம் எத்தனை படி அரிசி, எத்தனை படி பருப்பு கட்ட வேண்டும் என்பது மட்டும்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கைக்குழந்தைக்கு ஏழு மாதம், பெண் குழந்தை. நான் பிறந்தது தோட்டங்காட்டில், வாழ வந்ததும் தோட்டங்காட்டில். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். அதனால் கடல் என்றதும் எனக்குள் ஒரு பரபரப்பு. அரிசி புடைக்கும்போதுகூட அதே நினைப்பு. ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனார் மனைவி, அதைப் பார்த்து என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தாள்.

லாரியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பக்கமும் என் தலைக்கு மேலே பலகை. அதன் மேல் வில் போல் கம்பி வளைத்து தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே மெத்தை, பாய், அண்டா, அடுப்பு, விறகு, நாங்கள். பின்னால் கதவுப் பலகைக்கு மேலே மட்டும் திறந்திருக்கும். தாண்டி வந்த ரோடும் அதில் பறக்கிற புழுதியும்தான் அதில் தெரியும். கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல் வைக்கட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டாராம். சரக்கு ஏற்றும் வண்டிக்கு ஜன்னல் எதற்கு என்று மாமனார் வேண்டாம் என்றுவிட்டாராம். அந்த ஜன்னலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

முன்னால் மட்டும் எல்லாம் இருந்தது. ரெக்ஸின் தைத்த சீட்டு, சின்ன மின்விசிறி, புத்தம் புது டேப் ரெக்கார்டர். அதில் முருகன் பாட்டு காது கிழிகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஓட்டியது கொழுந்தனார். பக்கத்தில் மாமனார், என் வீட்டுக்காரர், மாமனாரின் மைத்துனர், கிளீனர்.

ராமேஸ்வரம் போகையில் மண்டபத்தில் லாரியை விட்டுவிட்டு ரயிலில் போனோம். அப்போது ரோட்டுப் பாலம் கிடையாது. ரயில் கடலுக்கு மேலேயே போனது. ஆனால் கூட்டத்தில் குழந்தையை மார்போடு அணைத்து நின்றபடி வந்த எனக்குத் தெரிந்தது யாரோ ஒருவருடைய முதுகு. அங்கே கடலில் மூன்று முழுக்குப் போட்டோம். முழுக்குப் போடும்போது கண்ணை மூடித்தானே ஆக வேண்டும். கரையேறி ஈரப் புடவையைப் பிழிவதற்குள், சோறு எத்தனை மணிக்கு ஆகும் என்று முன்சீட்டுக்காரர்களிடமிருந்து கேள்வி வந்துவிட்டது. மண்டபத்துக்குத் திரும்பி, பதினான்கு பேருக்கு வடித்துக் கொட்டி, பாத்திரம் கழுவி, மறுபடியும் பலகைக்குள் ஏறினோம்.

அங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் பல இடங்களில் கடல் ரோட்டை ஒட்டியே வருமாம். சொன்னது கொழுந்தனார், ராத்திரிச் சாப்பாட்டின்போது. எப்பேர்ப்பட்ட காட்சி தெரியுமா என்று அவர்கள் ஐந்து பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நாங்கள் பரிமாறிக்கொண்டே கேட்டோம். எங்களுக்குப் பலகை இடுக்கு வழியாக வந்தது உப்புக் காற்று மட்டும்தான். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டேன்.

“ஏனுங்க, நாளைக்குச் சித்த நேரம் நானும் முன்னால உக்காந்துட்டு வாரேனே. கடலைப் பாக்கோணும்.”

அவர் “பாக்கலாம் பாக்கலாம்” என்றார். ஓரகத்தி காதிலும் அது விழுந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ‘பாக்கலாம்’தான் காரணம்.

மூன்றாம் நாள் காலையில் தூத்துக்குடிச் சத்திரத்திலிருந்து கிளம்பினோம். திருச்செந்தூரில் உச்சிகால பூஜைக்கு முன்னால் வண்டிக்குப் பூஜை போட வேண்டும், அதனால் சுருக்க ஏறுங்கள் என்று விரட்டினார்கள். புது இன்ஜின், சூடேறக் கூடாது என்று கொழுந்தனார் அடிக்கடி வண்டியை ஓரம் கட்டுவார். கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும், இரண்டு பக்கமும் உப்பளமாக இருந்த ஓர் இடத்தில் நிறுத்தினார். பெண்கள் ஒதுங்குவதற்காக இறங்கினோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஓரகத்தி மடியில் விட்டுவிட்டு நானும் இறங்கினேன்.

மற்றவர்கள் வேலிக்காத்தான் புதர் ஓரமாகப் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் புதருக்கு அந்தப் பக்கம் உப்பள வரப்பு ஒன்று நீளமாகப் போவது தெரிந்தது. அதன் கடைசியில் நீலமாக ஒரு கோடு. கடல்தான். வரப்பில் ஏறினேன். இன்னும் கொஞ்சம் போனால் நன்றாகத் தெரியும் என்று போனேன். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். மூன்று நாளாக யாருடைய முதுகும் பலகையும் மறைக்காமல் நான் பார்த்த முதல் கடல் அது. இதைக்கூடத் தப்பு என்று என்னால் இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்ஜின் சத்தம் கேட்டது. திரும்பி ஓடினேன். புடவை தடுக்கி வரப்பில் விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடி ரோட்டுக்கு வந்தபோது லாரி சின்னதாகத் தெரிந்தது. கையை ஆட்டிக் கத்தினேன். முருகன் பாட்டு என் காதுக்கே கேட்டது, என் சத்தம் அவர்களுக்கு எங்கே கேட்கும்?

என்ன நடந்தது என்று பிறகு ஓரகத்தி சொல்லித்தான் தெரியும். நான் ஏறவில்லை என்பதைப் பின்னால் இருந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் முந்தின நாள் ராத்திரி என் வீட்டுக்காரர் ‘பாக்கலாம்’ என்று சொன்னதைக் கேட்டிருந்த ஓரகத்தி, நான் முன்னால் ஏறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். மாமியாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்ததாம். முன்னால் இருந்தவர்களோ, பெண்கள் எல்லோரும் வழக்கம்போல் பின்னால் இருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். நினைத்தார்கள் என்பதுகூடத் தப்பு. அவர்கள் நினைக்கவே இல்லை.

கொஞ்ச தூரத்தில் குழந்தை விழித்துப் பாலுக்கு அழ ஆரம்பித்திருக்கிறது. என்னைக் கூப்பிடுவதற்காகக் கேபின் பக்கத்துப் பலகையைத் தட்டியிருக்கிறார்கள். கையால் தட்டி, கரண்டியால் தட்டி, கடைசியில் மாமியார் விறகுக் கட்டையால் இடித்திருக்கிறார். புது வண்டி, பலகை எங்கோ லூசாக இருக்கிறது, ஊருக்குப் போனதும் பட்டறையில் காட்ட வேண்டும் என்று மாமனார் சொன்னாராம்.

ரோட்டில் நான் நின்ற நிலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. காலில் செருப்பு இல்லை, லாரியிலேயே கிடந்தது. கையில் ஒரு பைசா இல்லை. எந்த ஊர் ரோடு என்று தெரியவில்லை. அழவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். உப்பளத்தில் நாலைந்து பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காலெல்லாம் வெடித்து வெள்ளை பூத்திருந்தது. என்ன ஏது என்று கேட்டார். குழந்தை லாரியில் போகிறது என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் நேராக ரோட்டின் நடுவில் போய் நின்று, வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். டிரைவர் லாரி நம்பர் கேட்டார். எனக்குத் தெரியாது. லாரிக்காரர் வீட்டு மருமகள், சொந்த வண்டியின் நம்பர் தெரியாது. யார் எனக்குச் சொன்னார்கள்? பச்சைப் பெயிண்ட், புது வண்டி, முன்னால் எலுமிச்சை மாலை கட்டியிருக்கும், நாமக்கல், இவ்வளவுதான் சொன்னேன். திருச்செந்தூர் கோயிலுக்குத்தானே போகிறார்கள், அங்கே பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றார் டிரைவர். நானும் ஏறிக்கொள்ளவா என்று கேட்டேன். அந்த அம்மாதான் தடுத்தார்.

“நீ நகராத தாயி. புள்ளையத் தூக்கிட்டு அவுக இங்கதான் தேடி வருவாவ. நீ அங்க போயி, அவுக இங்க வந்து, அது வேறயா.”

நியாயமாகப்பட்டது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். நானும் போட்டேன். எங்கள் வீட்டு ஆட்களைத் தெரியாமல் போட்ட கணக்கு அது.

உப்பளத்தின் ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அங்கே என்னை உட்கார வைத்தார். மூலையில் ஒரு மண்பானை, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. அதிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். எனக்கு நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் நான் கேட்டேன், அப்படியே என் வாயில் வந்தது.

“நீங்க என்ன ஆளுங்க?”

எங்கள் ஊரில் அது பழக்கமான கேள்வி. தண்ணீருக்கு முன்னால் அதுதான் வரும். யாரும் வெட்கப்பட்டதில்லை, நானும் பட்டதில்லை. அந்த அம்மா டம்ளரை நீட்டியபடியே என்னைப் பார்த்தார். “உப்பளத்து ஆளு” என்றார். நான் தாகம் இல்லை என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் பானையிலேயே ஊற்றி மூடிவிட்டு வேலைக்குப் போனார்.

வெயில் ஏறியது. வெள்ளை வெளேர் என்று குவித்து வைத்திருந்த உப்பில் பட்டு அந்த வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து ரோட்டுக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை மணி நேரம் போனது. குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டி மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, யார் கண்ணிலும் படக்கூடாது என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா வந்து பார்த்ததும் புரிந்துகொண்டார். கொட்டகை வாசலில் தன் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினார்.

“பீச்சி விட்டுரு. இல்லன்னா காச்ச வந்துரும். பைய செய், அவசரம் இல்ல.”

என் குழந்தைக்கான பாலை அந்த உப்புத் தரையில் பீச்சி விட்டேன். அது பசியோடு எங்கோ அழுதுகொண்டிருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. அதுவரை பயமாக இருந்ததெல்லாம் அந்த நிமிஷம் கோபமாக மாறிவிட்டது. ஜன்னல் வேண்டாம் என்றவர் மேல், பாட்டுப் போட்டவர் மேல், ‘பாக்கலாம்’ என்றவர் மேல். வரட்டும், இன்றைக்கு யாரையும் சும்மா விடுவதில்லை என்று மனதுக்குள் கேள்விகளைக் கோத்து வைத்தேன்.

பிறகு திரையை விலக்கித் தண்ணீர் கேட்டேன். நானாகத்தான் கேட்டேன். இந்தத் தடவை எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு டம்ளர் குடித்தேன், இன்னொன்று கேட்டேன், மூன்றாவதையும் குடித்தேன். கடைசி டம்ளரைப் பானையைச் சாய்த்துத்தான் ஊற்றினார். உப்பளத்தில் குடிக்கிற தண்ணீர் கிடையாது, இரண்டு மைல் தூரத்திலிருந்து காலையில் தலையில் சுமந்து வர வேண்டும், அந்தப் பானைதான் அவருக்கு அன்றைக்கு முழுவதும் என்பதெல்லாம் அவரோடு வேலை செய்த இன்னொரு பெண் சொன்னபோதுதான் தெரிந்தது. இந்த அம்மா அந்தப் பெண்ணை, சும்மா இரு என்று அதட்டினார்.

நடுப்பகலில் உப்பளத்தில் வேலை முடிந்தது. மற்றவர்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்கு நடந்தார்கள். இவர் போகவில்லை. தூக்குச்சட்டியில் இருந்த கஞ்சியில் பாதியை எனக்குக் கொடுத்தார். அதையும் குடித்தேன். மிளகாய் வத்தல் கடித்துக்கொண்டு குடித்த அந்தக் கஞ்சியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “பொட்டப்புள்ளைய ரோட்டுல விட்டுட்டுப் போறதுக்கு நானும் லாரிக்காரியா” என்றார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வருகிறவர்களை நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துகொண்டார். என் கோபத்துக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

லாரி வந்தபோது இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. விட்டுவிட்டுப் போனது ஒன்பது மணிக்கு.

இடையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். திருச்செந்தூரில் வண்டி நின்று, பின்கதவைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் உடனே வண்டியைத் திருப்பலாம் என்றாராம். அந்த நேரம் பார்த்து பஸ் டிரைவரும் தேடி வந்து, உங்கள் வீட்டுப் பெண் இன்ன இடத்தில் பத்திரமாக இருக்கிறாள், கூட ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நல்லதற்குச் சொன்னார் அந்த மனிதர். அதுவே வினையாகப் போயிற்று. பத்திரமாகத்தானே இருக்கிறாள், குறித்த நேரம் தப்பினால் வண்டிக்கு ஆகாது, பூஜையை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் மாமனார். என் வீட்டுக்காரர் அப்பா பேச்சைத் தட்டவில்லை. வண்டிக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, உச்சிகால பூஜை பார்த்து, ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். குழந்தைக்கு ஓரகத்தி டீக்கடையில் பால் வாங்கித் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்டியிருக்கிறாள். அவளும் மாமியாரும் சாப்பிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது என் தப்பு.

புதுச் சந்தனமும் குங்குமமுமாக லாரி வந்து நின்றது. ஓரகத்தி குழந்தையோடு குதித்து ஓடி வந்தாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அழுது அழுது அதன் குரல் கம்மிப் போயிருந்தது. மாமனார் கேபினிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“கோயிலுக்குப் போற வழியில உனக்கு என்ன வேடிக்கை வேண்டிக் கெடக்குது? உன்னால எல்லாருக்கும் அலைச்சல்.”

என் வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். பச்சைக் குழந்தைக்காரியை ரோட்டில் விட்டுவிட்டு அஞ்சு மணி நேரம் என்ன செய்தீர்கள், எண்ணிப் பார்த்து ஏற்றத் தெரியாதா, ஆட்டை ஓட்டிப் போகிறவன்கூட எண்ணித்தான் ஓட்டுவான் என்று ஒரு பிடி பிடித்தார். எங்கள் மாமனாரை அதற்கு முன்னால் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. நான் கோத்து வைத்த கேள்விகளை எல்லாம் அவரே கேட்டார்.

அப்போதுதான் மாமியார் மெதுவாக இறங்கி வந்தார். கொட்டகையைப் பார்த்தார், கவிழ்த்து வைத்திருந்த பானையைப் பார்த்தார், அந்த அம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஏஞ் சாமி, இங்க தண்ணி கிண்ணி ஏதாச்சும் குடிச்சியா?”

“இல்லீங்க அத்தை” என்றேன்.

யோசிக்கவே இல்லை. ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு வசவு வேண்டாம் என்று சொன்னேனா, பழக்கத்தில் வந்ததா, எனக்கே தெரியாது. எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு மாமியாரிடம் திரும்பிச் சொன்னார்.

“அவ பச்சத்தண்ணி பல்லுல படல்ல. கூட்டிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். காலிப் பானையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து பாதிக் கஞ்சியோடு இருந்தவர். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஏதோ உணர்ந்தவர் போல, இனிமேல் நீ முன்னால் உட்கார்ந்து வா என்றார். கன்னியாகுமரி வரைக்கும் கேபினில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இடது பக்கம் கடல் வந்தது என்று சொன்னார்கள்.

பத்து வருஷம் கழித்து, அந்த லாரியை விற்று வேறு லாரி வாங்கியபோது, நான் பிடிவாதம் பிடித்து என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் பஸ்ஸில் போனேன். எல்லா உப்பளமும் ஒரே மாதிரி இருந்தது. இறங்கி இரண்டு இடத்தில் விசாரித்தோம். யாரைத் தேடுகிறீர்கள், பேர் என்ன என்று கேட்டார்கள். எனக்குப் பேர் தெரியாது. ஐந்து மணி நேரம் கூட இருந்தும் கேட்கவில்லை. வேறொன்றை விசாரிக்கத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. வெயிலில் நின்று வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன், பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டேன். அவர் பாவம், பழைய கதைக்குத்தான் கோபப்படுகிறேன் என்று நினைத்து, ‘அன்னைக்கு நான் வண்டியைத் திருப்பியிருக்கோணும்’ என்று ஒப்புக்கொண்டார். நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் காட்சி என்றால் இன்றைக்கும் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். லாரியில் போன மருமகளை உப்பளத்தில் மறந்துவிட்டு வந்த கதை, பலகை லூசு என்று மாமனார் சொன்ன கதை. எல்லோரும் சிரிப்பார்கள். என் பேத்திகளும் சிரிப்பார்கள். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன், இன்னும் இவளுக்குக் கோபம் ஆறவில்லை பார் என்பார்கள். ஆறவில்லைதான். ஆனால் அவர்கள் என்னை அந்த ரோட்டில் விட்டுவிட்டுப் போனது தெரியாமல் நடந்தது. மூன்று டம்ளர் தண்ணீரும் பாதிக் கஞ்சியும் வயிற்றில் இருக்கும்போதே அந்த அம்மாவை அதே ரோட்டில் நான் விட்டது தெரிந்தே நடந்தது.